டீச்சர் மேசையோரத்து முக்காலி

டீச்சரின் மேசையோரம் ஒரு மர முக்காலி கிடந்தது. உலகப்படத்தை மாட்டும்போது ஏறி நிற்பதற்காக வாங்கிப் போட்டது. நான்காம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் அதுதான் என் இடம். டீச்சர் செல்லம் என்று எல்லோரும் பொறாமைப்பட்டார்கள். அந்தச் செல்லத்தை வாங்கிக்கொண்டு யாராவது பெஞ்சில் ஓர் ஓரம் கொடுத்திருந்தால் அன்றே கொடுத்திருப்பேன்.

கிணத்துக்கடவுப் பக்கம் எங்கள் தொடக்கப்பள்ளியில் பையன்கள் ஒரு பக்கம், பெண்பிள்ளைகள் ஒரு பக்கம். சேட்டை செய்கிற பையனைப் பெண்பிள்ளைகள் நடுவில் உட்கார வைப்பதுதான் பெரிய தண்டனை. பிரம்புக்கு அசராதவன்கூட அங்கே போனால் கண்ணைக் கசக்குவான். ஒருநாள், வகுப்பில் பேசியதற்காக என்னை அனுப்பினார் டீச்சர். நான் அழவில்லை. அவர்களோடு கதை பேசிச் சிரித்துக்கொண்டு மத்தியானம்வரை சந்தோஷமாகவே இருந்தேன். திரும்பி வந்தபோது பையன்கள் பெஞ்சில் ஒருவரும் நகரவில்லை. "அவன் எடம் அந்தப் பக்கமுங்க டீச்சர்" என்றான் லீடர் பையன். வகுப்பே சிரித்தது. பெண்பிள்ளைகளோடு சிரித்துப் பேசியதற்கும் பின்னால் நான் என்னைப் பற்றித் தெரிந்துகொண்டதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அந்த பெஞ்சுக்கு அது போதுமாக இருந்தது. டீச்சர் அவர்களைத் திட்டினார், என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு தன் மேசையோரம் முக்காலியை இழுத்துப் போட்டார்.

இப்போது நானும் வாத்தியார்தான், பெரியநாயக்கன்பாளையத்தில். கோவை கணபதியில் வாடகை வீட்டில் ஒண்டியாக இருக்கிறேன். போன மாதம் எங்களுக்கெல்லாம் கோவையில் ஒரு பயிற்சி வைத்தார்கள். பிள்ளைகளின் நடையை, குரலைக் கேலி செய்யக் கூடாது. பெண்பிள்ளைகளோடு உட்கார வைப்பதைத் தண்டனையாக்கக் கூடாது. ஆணுக்கு ஆண்மேல் ஆசை வருவதும் இயல்புதான் என்று மைக்கில் சொன்னார்கள். இதை அந்தக் காலத்தில் யாரேனும் சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்போது பக்கத்து நாற்காலியிலிருந்து என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவர் எழுந்து, "நம்ம பள்ளிக்கூடத்துல அப்படி யாரும் இல்லீங்களே" என்றார். கெட்டவர் இல்லை, தினமும் தன் டிபன் பாக்ஸை என் பக்கம் நகர்த்துகிறவர். நானும் தலையாட்டி வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சி பஸ் ஏறி டீச்சர் வீட்டுக்குப் போனேன். முழங்கால் வலியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எதிரே பிளாஸ்டிக் முக்காலி ஒன்று கிடந்தது. பழக்கதோஷம், அதில்தான் உட்கார்ந்தேன். எல்லோரும் கேட்பதை அவரும் கேட்டார், இன்னும் ஏன் கல்யாணம் பண்ணவில்லை என்று. ஜாதகம் அமையவில்லை என்று எல்லோருக்கும் சொல்வதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

"எனக்குப் பொம்பளைங்க மேல அந்த நெனப்பு வராதுங்க டீச்சர். ஆம்பளைங்க மேலதானுங்க."

வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. டீச்சர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என்னமோ இருக்குதுன்னு அன்னைக்கே தெரிஞ்சுது கண்ணு. உன்னைய எங்க உக்கார வெக்கறதுன்னுதான் எனக்குத் தெரியாமப் போச்சு" என்றார்.

பிறகு கையை ஊன்றி, வலியோடு கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. முக்காலியை விட்டு எழ எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.