மாடி ஏறிய குற்றம்

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பாறை சரிந்து என் இடது கால் நசுங்கியது. நஷ்டஈட்டு வழக்கு டவுனில் ஒரு மாடி ஆபீஸில் நடந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் மச்சான்தான் என்னைத் தூக்கிக்கொண்டு ஏறுவான். ஒருமுறை வெட்கமாகிப்போய், படிப்படியாக உட்கார்ந்து நகர்ந்தே மேலே போய்விட்டேன்.

“மாடி ஏறி வர முடியுது, வேலைக்கு மட்டும் வர முடியாதாமா சார்?” என்றார் கம்பெனி வக்கீல். அதிகாரி அதை எழுதிக்கொண்டார். பாறையில் வெடிப்பு இருக்கிறதென்று முந்தின நாளே நான் மேஸ்திரியிடம் சொன்னதை எழுதவில்லை.

அடுத்த வாய்தாவில் என் மனைவி, “கீழயே உக்காருங்க. அவங்க எறங்கி வரட்டும்” என்றாள். மச்சான் மேலே போய்ச் சொல்லிவிட்டு வந்தான். சாயங்காலம்வரை படியடியில் உட்கார்ந்திருந்தேன்.

மேலே, நான் ஆஜராகவில்லை என்று எழுதிவிட்டார்கள்.