கொடியெழுத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை

என் மனைவி விக்டோரியாவின் கல்லறைக் கல்லில் எந்த எழுத்தில் பெயர் வெட்டுவது என்று கல்தச்சர் கேட்டார். எங்கள் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தேன்.

பத்திரிகை அடித்தது 1971-இல். அப்போது அவள் பொன்னேரியில் துளசிராமனின் அச்சகத்தில் ஈய அச்செழுத்துகளைக் கோத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் வயலில் கூலிக்குப் போனவர்கள். எங்கள் தெருவில் அதுவரை யாரும் பத்திரிகை அடித்ததில்லை.

என் அண்ணன் அரசப்பன், அடித்தால் ஆங்கிலத்தில்தான் என்றார். அச்சகத்தில் ஆங்கிலத்துக்கு மட்டும் சாய்ந்து, வளைந்து, ஒன்றையொன்று தொட்டு ஓடும் அலங்கார எழுத்து இருந்தது.

"தமிழ்ல அடிச்சா கோர்ட்டு நோட்டீஸ் மாரி இருக்கும்மா."

"எங்கம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாதே மாமா. பொண்ணு பத்திரிகைய அவங்க படிக்க வாணாமா?"

அவள் அம்மா முத்தம்மா, கோயில் பாட்டுப் புத்தகத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியவர்.

"அப்போ நீயே ஸ்டைலா ஒரு எழுத்து செஞ்சிக்கினு வா. மூணாம் ஓலைக்குள்ள வந்தா தமிழு. இல்லாட்டி இங்கிலீஷு."

மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை வாசிப்பார்கள். மூன்றாவது முடிந்ததும் கோயில் வாசலிலேயே பத்திரிகை கொடுப்பதாக ஏற்பாடு.

எங்கள் பெயர்களை மரத்தில் செதுக்கினாள். 'ரி'யின் வளைவு கொடியாக எழுந்து 'யா'வின்மேல் கவிந்தது. என் பெயரின் கடைசி எழுத்தான 'சு'வின் வால் பின்னால் ஓடி அந்தப் பெயர் முழுவதையும் தாங்கியது. ஆனால் எழுத்துக் கோப்பவளின் கை அல்லவா? ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனிக் கட்டையாகச் செய்துவிட்டாள். பக்கத்து எழுத்தின்மேல் நீண்ட கொடிகளுக்கு அடியில் தாங்க மரம் இல்லை. இரண்டாம் ஓலைக்கு மறுநாள் இயந்திரத்தில் ஏற்றினார்கள். முதல் அழுத்தத்திலேயே எல்லாம் முறிந்தன.

துளசிராமன் தாளைத் தூக்கிப் பார்த்தார். "இன்னாம்மா இது, வால் அறுந்த பல்லியாட்டம் கீது! பேசாம இங்கிலீஷே போட்டுடு."

"எழுத்துன்னா தனித்தனியாத்தான் இருக்கணும்னு நெனச்சிட்டேன் சார். ஒரே பலகையில வெட்டிட்டா?"

"மறுபடி மொதல்லேர்ந்தா?"

"ஆமா சார்."

ஒரு பெயருக்கு ஒரே பலகை. அச்சில் நேராக விழ, எல்லாவற்றையும் மறுபடி இடவலம் மாற்றிச் செதுக்கினாள். பலகை ஈய எழுத்துகளைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்தது. அடியில் பழைய பஸ் டிக்கெட்டுகளை ஒட்டி உயர்த்தினாள். சனிக்கிழமை மாலை துளசிராமனே இயந்திரத்தின் கால்மிதியை மிதித்தார். முதல் தாள் வந்தது. ஒரு கொடிகூட முறியவில்லை. "மை காயட்டும், யாரும் கை வெக்காதீங்க!" என்று கத்தினார். முதலில் கை வைத்தவர் அவர்தான்.

மறுநாள் பூசை முடிந்து வாசலில் அரசப்பன் பத்திரிகையை வாங்கி, தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். "ஏம்மா, என் பேரு மட்டும் சாதா எழுத்துல கீது?" என்று சண்டைக்கு வந்தார்.

முத்தம்மா அவரை விலக்கிவிட்டுத் தமக்கு ஒன்று எடுத்துக்கொண்டார். எழுத்து எழுத்தாக விரல் வைத்து, மகள் பெயரை வாசல் முழுக்கக் கேட்கும்படி படித்தார். பிறகு பத்திரிகைக் கட்டு முழுவதையும் தம் கையில் எடுத்துக்கொண்டு, வந்தவர் ஒவ்வொருவரையும் நிறுத்தி, படித்துக் காட்டிய பிறகே கொடுத்தார். அண்ணன் யாருக்கும் கொடுக்க ஒன்றுகூட மிஞ்சவில்லை.