ஒஷாவாவுக்கு ஒரு மாப்பிள்ளை ஊர்வலம்

என்னிடம் பதினாறு வயதில் ஒரு ஆண் கோஃபர் பாம்பு இருக்கிறது. விஷம் இல்லை, நம் சாரைக்கு ஒருவகையில் தூரத்துச் சொந்தம், செங்கல் நிறம், ஐந்தடி நீளம். அதற்கு ஒரு பெண்துணை தேடி இரண்டு வருடம் அலைந்தேன். இந்த வயதில் இன்னொரு வருடம் காத்திருந்தால் அதற்குச் சோடி சேரும் ஆசையே விட்டுப்போகலாம். ஆகவே ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை, குளிர்கால உறக்கம் கலைந்து சரியாக ஐந்து வாரம் கழித்து, அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்து நகரமான ஒஷாவாவுக்குப் புறப்பட்டேன். இதேபோல் பாம்போடு பயணம் போக நினைப்பவர்களுக்காக எல்லாவற்றையும் எழுதுகிறேன், என் மானம் போன இடத்தையும் சேர்த்து.

பொதி கட்டுவது சுலபம். பாம்பைத் தலையணை உறைக்குள் விட்டு முடிச்சுப் போட்டு, காற்றுத் துளையுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்துப் பூட்டவேண்டும். அன்று வெளியே ஒன்பது பாகை. பக்கத்தில் துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தல் ஒன்றும் வைத்தேன். “பொம்பிளை வீட்டுக்குச் சும்மா கையோடையோ போறியள்? ஒரு தட்டுப் பலகாரமாவது கொண்டு போங்கோவன்” என்று மனைவி கதவடியில் நின்று சிரித்தாள்.

என் கார் திருத்த வேலைக்குக் கராஜில் கிடந்ததால், நான் இருக்கும் மோர்னிங்சைட்டில் பத்து மணி பத்து நிமிடத்துக்கு ஒரு வாடகைக் கார் பிடித்தேன். முப்பத்தெட்டுக் கிலோமீற்றர், அறுபத்துநான்கு டொலர். ஓட்டி வந்தவர் என்னைவிடக் கொஞ்சம் இளையவர், தமிழர். நெடுஞ்சாலையில் ஏறியதும் என் ஆள் பெட்டிக்குள் சீறத் தொடங்கிவிட்டார். கோஃபர் பாம்பின் சீறல் சின்னச் சத்தம் இல்லை.

“அண்ணை, ரயரிலை காத்துப் போற மாதிரிக் கேக்குது.”

நான் வாயைத் திறக்கவில்லை. அது பிழை. அவர் வழியில் விற்பி என்ற ஊரில் இறங்கி, பெற்றோல் நிலையத்தில் காரை விட்டு, நாலு சில்லையும் குனிந்து குனிந்து தட்டிப் பார்த்தார்.

“நாலும் கல்லு மாதிரி இருக்கு. பிறகென்ன கோதாரிச் சத்தம்?”

“பாம்பு, தம்பி. விசமில்லாதது. பெட்டி பூட்டிக் கிடக்கு.”

“என்ர அம்மாளாச்சி! பாம்பையோ இவ்வளவு நேரமும் ஏத்திக்கொண்டு வந்தனான்? உது வெளியிலை வந்தால் நான் காரை விட்டிட்டு ஓடிடுவன், சொல்லிப்போட்டன்!”

மிச்ச வழியெல்லாம் கண்ணாடியில் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தபடி ஓட்டினார். இருபது டொலர் மேலதிகமாகக் கொடுத்தேன்.

பதினொன்று ஐந்துக்கு, பெண்பாம்பு இருப்பதாகச் சொல்லி என்னை வரச்சொன்ன தர்ஷினியின் வீடு. மட்டக்களப்பில் பிறந்து எட்டு வயதில் இங்கே வந்தவர், பல் வைத்தியரிடம் வேலை, நிலவறை முழுக்கப் பாம்பு. மிருக வைத்தியரின் சோதனைத் தாளை முதலில் வாங்கி வரிவரியாக வாசித்தார். பிறகுதான் பெட்டியைத் திறந்தார்.

“வடிவான ஆள். எந்த இடம்?”

“அரிசோனா.”

“பேப்பர் இருக்கா?”

“நிறத்தைப் பார்த்தாலே தெரியுந்தானே!” என்றேன். வாசகர்களுக்கு இது புதிதில்லை, இந்த வலைப்பதிவில் நான்கு வருடமாக நான் எழுதிவருவதுதான்: அரிசோனாப் பாலைவனத்தில் முதுகு செம்மண் நிறம், கலிபோர்னியாக் கரையோரத்தில் வைக்கோல் மஞ்சளில் கரும்புள்ளி, வடக்கே போகப் போகச் சாம்பல். ‘எந்தப் பாம்பையும் காட்டுங்கோ, ஊர் சொல்லுறன்’ என்று அவரிடமும் வீரம் பேசினேன்.

அவர் நாலு பெட்டிகளைக் கொண்டுவந்து, அட்டை ஒட்டிய பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி அடுக்கினார். நான் விரலை நீட்டி ஒவ்வொன்றாகச் சொன்னேன். பெட்டிகளைத் திருப்பினார். இரண்டு பிழை. அதுவும் நான் சத்தியம் பண்ணாத குறையாக அரிசோனா என்றது, கரையோரத் தாய்க்கும் தகப்பனுக்கும் அவர் கண்முன்னே பொரித்த குட்டி. என் ஆளையும் அதையும் பக்கத்தில் வைத்தால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. பாம்புச் சந்தையில் எனக்கு இவரை விற்றவன் வாயால் சொன்ன ஒரு சொல்லைத் தவிர என்னிடம் வேறென்ன இருந்தது? காது சுட்டது, அவ்வளவு வெட்கம்.

“என்ட அரிசோனாப் பெட்டையை இவருக்குத் தரமாட்டன் அண்ணை. குறை நினைக்காதீங்க. அந்தப் பரம்பரையைக் கலக்காம வைச்சிருக்கிறன்.”

சரிதான். அவர் இடத்தில் நானும் தந்திருக்கமாட்டேன்.

பிறகு அவர் கீழ்த்தட்டிலிருந்து இன்னொரு பெட்டியை இழுத்தார். வெளிறிய மஞ்சளில் ஒரு பெண், கழுத்தில் மை கொட்டியதுபோல் கறுப்பு. வீடு மாறிப் போன யாரோ விட்டுச் சென்றது. எங்கிருந்து வந்ததென்று ஒருவருக்கும் தெரியாது.

“இவ இருக்கிறா. ஆனா நீங்கதானே எழுதினீங்க, இடம் தெரியாத பாம்பைச் சோடி சேர்க்கிறவன் பாம்பே வளர்க்கக் கூடாது எண்டு? நான் வாசிச்சனான்.”

எழுதினேன். மூன்று ஆச்சரியக்குறி போட்டு எழுதினேன். என் ஆள் பெட்டி விளிம்பில் தலையை வைத்து, அவள் இருந்த திசைக்கு நாக்கை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு என் வலைப்பதிவைப் பற்றி என்ன கவலை?

“விடுங்கோ” என்றேன்.

“சீரியஸா? மறுகா போய் அரிசோனாக் குட்டி எண்டு எழுதமாட்டீங்களே?”

“எழுதமாட்டன்.”

“எழுதினது பிழை எண்டும் எழுதணும்.”

“எழுதுறன், பிள்ளை. எழுதுறன்.”

அரை மணி நேரம் அவர் அவள் முதுகில் ஊர்ந்தார், துடித்தார், கடைசியில் கழுத்தைப் பல்லால் மெல்லக் கவ்விப் பிடித்துக்கொண்டார். பதினாறு வயது என்று யார் சொன்னது! எனக்குக் கண் கலங்கிவிட்டது, சிரிப்பவர்கள் சிரிக்கலாம். அவரைப் பத்து நாள் அங்கேயே விட்டுவிட்டு வெறும் பெட்டியோடு ரயிலில் திரும்பினேன். பெட்டியைக் கண்டு யாரும் விலகி உட்காரவில்லை.

போகிறவர்களுக்கு: ஏறுமுன்பே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள். பெட்டிக்கு இரண்டு பூட்டுப் போடுங்கள். பயணத்துக்கு ஐந்து நாள் முன்பே இரை கொடுப்பதை நிறுத்துங்கள், வயிறு நிறைந்த பாம்பு ஆட்டத்தில் கக்கிவிடும். பெற்றோர் பற்றிய தாள் இல்லாமல் எவன் என்ன ஊர் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் சொன்னாலும்.

ஜூனில் அந்த மஞ்சள் பெண் ஆறு முட்டை இட்டாள். இருபத்தெட்டுப் பாகையில், ஈரமான பாசிக்குள், ஆறும் நன்றாக இருக்கின்றன. அரிசோனாக் குட்டி கேட்டுக் காத்திருக்கும் மூன்று பேருக்கும் இதைத்தான் சொல்லவேண்டும்: என்னிடம் அரிசோனாக் குட்டி இல்லை. என் ஆள் அரிசோனா என்று நான் சொன்னதற்கு ஆதாரமும் இல்லை. இந்த ஆறுக்கும் தாய் யார், தகப்பன் யார் என்று தெரியும். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அப்படியும் வேண்டும் என்றால் எழுதுங்கள்.