ஏற்றத்தில் இறங்கிய எண்

பிரயூன் மாமா சாலையைப் பார்த்த நேரத்தில் பாதியாவது ஒரு செல்போன் திரையைப் பார்த்திருப்பார். ஸ்டியரிங்குக்குக் கீழே சின்ன ஸ்கேனர் ஒன்றைச் செருகி வைத்திருந்தார். எஞ்சின் ஓட ஓட உள்ளே நடப்பதையெல்லாம் அது எண்ணாக்கித் திரைக்கு அனுப்பும். அவருக்கு அதில் ஒரே ஒரு எண் போதும்: எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரின் சூடு.

அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். மலைச்சரிவில் மக்காச்சோளம் போட்டுக்கொண்டிருந்தவர். சம்லி அத்தைக்குச் சிறுநீரகம் கெட்டுப்போன பிறகு நிலத்தை விட்டுவிட்டுப் பழைய வேன் ஒன்று வாங்கினார். மலையைத் தாண்டி சியாங் மாய் ஆஸ்பத்திரிக்கு வாரம் இரண்டு முறை போய் அத்தைக்கு ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். முன்சீட்டில் அத்தை, பின்னால் பயணிகள். அவர்கள் தருவதில் டீசல் போட்டு வீட்டுக்கும் கொஞ்சம் மிஞ்சும்.

ஒரு கோடையில் ஏற்றத்தில் எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அத்தையின் உதடு நீலமாகிவிட்டது. அதற்கப்புறம்தான் ஸ்கேனர் வந்தது. எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் எல்லோரும் செய்வதை மாமாவின் மெக்கானிக் விச்சியனும் செய்தார். எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரைத் தடுத்து வைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூர எறிந்தார். இந்த வெயில் நாட்டுக்கு அது எதற்கு என்று கேட்டார். அன்றிலிருந்து எண் தாழ்ந்தே நின்றது. எழுபது என்றால் மாமாவுக்கு நிம்மதி. இறக்கத்தில் அறுபதுக்கு வந்தால் பாட்டுப் பாடுவார். வண்டியைக் காக்கும் தாய்த் தெய்வம் மே யா நாங்குக்கு மல்லிகை மாலை கட்டிவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார். எண் குறைந்தால் அவள் மனம் குளிர்ந்திருக்கிறாள் என்று அர்த்தமாம். நூடுல்ஸ் கடையில் அவரைப் போன் ஜோசியர் என்று கேலி செய்வார்கள். அவரும் சிரிப்பார்.

நான் வேலை கேட்டு நகரத்துக்குக் கிளம்பிய நாளில் எனக்கு அத்தைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. மண்சரிவால் அதற்கு முந்தைய முறை அத்தை ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. கால் வீங்கிச் செருப்பு நுழையாமல், அதை மடியில் வைத்திருந்தாள். பேசினால் மூச்சு வாங்கியது.

ஏற்றம் தொடங்கியதுமே எண் மளமளவென்று ஏறி, தொண்ணூற்றைந்தைத் தொட்டது. மாமா ஏசியை நிறுத்தினார். பிறகு எண் இறங்கியது. எண்பது. அறுபத்தெட்டு. ஏதோ தித்திப்பான வாசனை வந்தது. மாலையின் வாசனை என்று நினைத்தேன்.

"அம்மா இன்னைக்கு விசிறி வீசுறா, பாத்தியா?" என்றார் மாமா.

அத்தை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏத்தத்துல எப்படிங்க குறையும்?"

"ஏறுனாலும் பயப்படுற, குறைஞ்சாலும் பயப்படுற."

"என் கால் வீக்கம் குறைஞ்சா சந்தோஷப்படுவேன். இது என்னமோ சரியில்ல. நிறுத்திப் பாருங்க."

நிறுத்தினால் மறுபடி கிளம்ப நேரமாகும், ஆஸ்பத்திரியில் அவளுடைய படுக்கையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டு, மாமா ஆக்ஸிலரேட்டரை இன்னும் அழுத்தினார். அறுபது. வளைவில் இருந்த சின்னக் கோயிலுக்கு வழக்கம்போல் ஹாரன் அடித்தார். எஞ்சினுக்குள் ஜல்லியைக் கொட்டியது போல் ஒரு சத்தம் கேட்டது. வண்டி குலுங்கி நின்றது.

பிறகு எவ்வளவு முயன்றும் எஞ்சின் அசையவில்லை. சாவியை அப்படியே விட்டுவிட்டு இறங்கி பானட்டைத் திறந்தார். ரேடியேட்டர் ஹோஸ் கீழ்ப்பக்கம் பிளந்திருந்தது. ஒழுகிப்போன கூலன்ட்டின் அதே தித்திப்பு வாசனை அங்கே அடித்தது. கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மூடியைத் திறந்தார். ஆவிகூட வரவில்லை.

பின்னால் வந்த முட்டைக்கோஸ் வண்டிக்காரன் எட்டிப் பார்த்தான். திரையில் எண் குறைந்துகொண்டே வந்ததை மாமா அவனிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"சென்சார் தண்ணியோட சூட்டத்தான் அளக்கும் மாமா," என்றான் அவன். "தண்ணியே இல்லன்னா அது எதை அளக்கும்?"

அவன் வண்டியில் ஒரு ஆளுக்குத்தான் இடம் இருந்தது. நானும் மாமாவுமாக அத்தையைத் தூக்கி ஏற்றினோம். அவள் செருப்பை மடியில் வைத்தபடி ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"இன்னைக்குச் சரி. வெள்ளிக்கிழமை நான் எதுல போறது?"

முட்டைக்கோஸ் வண்டி வளைவில் மறையும்வரை மாமா அங்கேயே நின்றார். பிறகு வேனில் ஏறி உட்கார்ந்து திரையைப் பார்த்தார். எண் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.