வெயிலில் உருகிய பால்கட்டி

உலாந்தாக்காரர் என்று நாங்கள் சொல்லும் டச்சுக்காரர்களின் கோட்டையில் சமைத்த அந்தச் சிவப்பு மூக்குக்காரர் எதையும் முகர்ந்துதான் பார்ப்பார், என் கைக்குழந்தையைக்கூட! ஒருநாள், அவர் ஊரில் வைக்கும் கொத்துக்கறிக்குப் பதிலாக இறால் வடை தட்டி, ரொட்டிக்குள் வைத்துத் தின்ன ஆசைப்பட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே வைக்க, கப்பலில் வந்த கடைசிப் பால்கட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு இறால் வாங்கப் போனார். கட்டி ஒரே நாற்றம். மீன் நாறினால் என்ன செய்வோம்? அதேபோல உப்புத் தடவி ஓலைப்பாயில் காயவைத்தேன். உருகிவிட்டது.

திரும்பியவர் முகம் வெளுத்தது.

“அய்யே, கெட்டுப்பூடும்னுதான் சாமி உப்பு போட்டேன்!”

நான் இறால் வடை சுட்டதும், உருகியதை வழித்துச் சுடு வடைமேல் ஊற்றினார். ரொட்டியால் மூடி, கண்ணையும் மூடிக் கடித்தார்.

“இன்னா சாமி தெரியுது?”

“அம்மா வூட்டு மாடு.”

பாதியைத் தந்தார். நானும் கண்ணை மூடினேன். எங்கள் ஊர் ஏரி தெரிந்தது, முழங்கால் தண்ணீரில் ஒரு செவலை மாடு நின்றது. அவர் அம்மா வீட்டு மாடு என்ன நிறமென்று கேட்காமல் விட்டுவிட்டேனே!