சிறைப்படமும் மாப்பிள்ளையும்

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறேன். போன வருஷம் ஒரு சனிக்கிழமை, மத்தியானத்தோடு மிஷின்களை நிறுத்தி எல்லோரையும் கேன்டீனில் உட்கார வைத்தார்கள். ஒற்றுமையாக வேலை செய்வது எப்படி என்று நாங்கள் கற்றுக்கொள்ள ஒரு பழைய யுத்தப் படம். முகாமில் அடைபட்ட கைதிகள் சுரங்கம் தோண்டித் தப்பிக்கும் கதை. நடுவில் யாரும் எழுந்து போய்விடக் கூடாதென்று மெயின் கேட்டைப் பூட்டிவிட்டார்கள்.

பக்கத்து மிஷின் அக்காவின் மகளை அன்று நான்கு மணிக்கு மாதனூரில் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அக்கா பர்மிஷன் கேட்டதற்கு, "படம் முடிஞ்சதும் போங்கம்மா" என்றுவிட்டார் மேனேஜர்.

திரையில் ஒருவன் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தான்.

"இன்னாடி பண்றான்?" என்றாள் அக்கா.

"தப்பிச்சிப் போகத் தோண்டறான்கா. மாசக்கணக்கா தோண்டுவாங்களாம்."

"எனக்கு அவ்ளோ டைம் இல்ல. வர்றியா?"

கழிப்பறைக்குப் பின்னால் மதில் சற்றுத் தாழ்வு. நான் குனிய, அக்கா என் முதுகில் கால் வைத்து ஏறி, மேலிருந்து என்னை இழுத்துக்கொண்டாள். குதித்த இடத்தில் வாட்ச்மேன் நின்றிருந்தார்.

"படம் நல்லால்லியா?" என்றார்.

"ஒரே பேஜாரு" என்றாள் அக்கா. அவர் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஷேர் ஆட்டோ பிடித்து நான்குக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. ஐந்தானது, ஆறானது, பஜ்ஜி ஆறிப்போனது. "வேணாம்னுட்டாங்களோ?" என்று அக்கா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். ஆறரைக்கு வந்தார்கள். மாப்பிள்ளைக்கு எங்கள் கம்பெனியின் இன்னொரு யூனிட்டில் வேலை. அங்கேயும் அதே படம்.

"கேட்டத் தொறக்கலீங்க" என்று தலைகுனிந்தான்.

அக்கா அடுப்படிக்கு வந்து, "அந்த யூனிட்ல செவுரே இல்லியாடி?" என்றாள்.

மகள்தான் அவனிடம் கேட்டாள்: "முழுசா பாத்தீங்களா?"

"உக்காரச் சொன்னாங்க, உக்காந்தேன்."

அவள் சிரித்துவிட்டாள். உள்ளே வந்து, "சொன்ன பேச்சு கேக்கறாரும்மா, இவரே போதும்" என்றாள்.

திங்கட்கிழமை எனக்கும் அக்காவுக்கும் மெமோ கொடுத்தார்கள். அங்கே மாப்பிள்ளைக்குக் கடைசிவரை படம் பார்த்ததற்காகச் சான்றிதழ். தை மாதம் கல்யாணம் முடிந்ததும் அக்கா அதை வாங்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டாள். யார் வந்தாலும், "எங்க மாப்ள கம்பெனில வாங்கனது" என்று காட்டுகிறாள்.