ஆளுக்கொரு பிடி பொன்

1. சிவப்பு எழுத்து

பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு பேக்கரியின் மாடியில் எட்டுக் கம்பியூட்டர்களை வைத்து நான் நெட் கஃபே நடத்திய காலம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடையில் இருந்த ஏழு பேர் ஒரே நேரத்தில் கள்ளர்கள் ஆனார்கள். எட்டாவது ஆள் உண்மையிலேயே கள்ளன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"மோகன் அண்ணே, இங்க கொஞ்சம் வாங்க. என்னமோ செவப்பா எழுதியிருக்கு" என்று முதலில் கூப்பிட்டது ரமேஷ். பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்பவன். ஞாயிறு லீவில் ஐந்து கூட்டாளிகளோடு பஸ் ஏறி என் கடைக்கு வந்துவிடுவான். நான் எழுந்து போவதற்குள் அடுத்த மெசினிலும் சிவப்பு, அதற்கடுத்ததிலும் சிவப்பு. 'ஏமாற்றியதற்காக இந்த ஆட்டக்காரர் நிரந்தரமாக நீக்கப்பட்டார்' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. என்ன ஏமாற்று, யாரை, எப்போது என்று ஒரு வார்த்தை இல்லை. கீழே மட்டும், எங்கள் விளையாட்டை விளையாடியதற்கு நன்றி என்று இருந்தது. மரியாதைக்குக் குறைவில்லை.

கடைசியாக ஜன்னலோர மெசினைப் பார்த்தேன். அங்கே சிவபாதம் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மறுபடி போட்டு, மறுபடி வாசித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உதிலை கிடக்கிற பேர் என்ரை பேர்தானே?"

"ஆமாங்க ஐயா."

"கள்ளன் எண்டோ எழுதியிருக்கு?"

எனக்கு அந்தக் கணத்தில் அந்தக் கம்பெனிக்காரனை நேரில் பிடித்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. நேரில் பிடிக்கத்தான் ஆள் இல்லை.

2. ஐயா ஏன் வாள் பிடித்தார்

சிவபாதம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். பதுளையில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. கனடாவில் ஒரே மகன், சேந்தன். படிப்பைப் பாதியில் விட்டுத் தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்தான் என்று ஐயா போனில் ஏதோ சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டார். அதன் பிறகு மகன் போன் எடுக்கவில்லை. நம்பரும் மாறிவிட்டது.

மகன் வாளும் கோட்டையுமாக ஏதோ ஒரு ஒன்லைன் விளையாட்டில் கிடக்கிறான் என்று யாரோ உறவுக்காரர் சொல்லியிருக்கிறார். உடனே ஐயா இஸ்திரி போட்ட சட்டையோடு என் கடைப்படி ஏறி வந்தார். "தம்பி, இந்த விளையாட்டுக்குள்ளை ஒராளைத் தேட வேணும்" என்றார், ஏதோ பழைய ஃபைல் ஒன்றைத் தேட வந்தவர் போல.

தேடிப் பிடித்தோம். சேந்தன் ஒரு கிளானுக்குத் தலைவன். கிளான் என்றால் சேர்ந்து சண்டை போடும் கூட்டம். ஐயா தன் சொந்தப் பெயரிலேயே சேர விண்ணப்பித்தார். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் சேர்த்துக்கொண்டான்.

எங்களுக்கு ஞாயிறு காலை என்றால் அங்கே சனி இரவு. வாரத்தில் அந்த ஒரு மணித்தியாலம் அப்பனும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பூதங்களை வெட்டுவார்கள். கதைப்பது எல்லாம் 'இடப்பக்கம்', 'ஓடுங்கோ', 'பின்னுக்கு நிக்குது' அவ்வளவுதான். சுகமா என்று ஒருவரை ஒருவர் கேட்டதில்லை. ஐயாவுக்கு அதுவே போதும். அந்த 'ஓடுங்கோ'வைத் திரையில் பார்த்துவிட்டு இரண்டு நிமிடம் ஓடாமல் உட்கார்ந்திருப்பார். அதற்குள் பூதம் அவரைத் தின்றுவிடும்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், அந்தக் கிளானில் ஒரு சட்டம். ஒவ்வொருவரும் வாரா வாரம் இவ்வளவு பொன் சேர்த்துப் போட வேண்டும். குறைந்தால் சிஸ்டம் தானாகவே ஆளைக் கிளானிலிருந்து எடுத்துவிடும். ஐயாவோ ஒற்றை விரலால் அடிப்பவர். அவருக்கு முதல் எச்சரிக்கை வந்தது, இரண்டாம் எச்சரிக்கையும் வந்தது. மூன்றாவது வந்தால் மகனுடைய பக்கத்தில் நிற்க முடியாது.

3. தோட்டத்துப் பழக்கம்

இங்கே எங்கள் தோட்டத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு நாளைக்கு இத்தனை கிலோ என்று கணக்கு. குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம். பிள்ளைத்தாச்சியோ காய்ச்சல்காரியோ தன் தேயிலை நிரையில் பின்தங்கினால், பக்கத்து நிரைக்காரிகள் கடந்து போகும்போது ஆளுக்கு ஒரு பிடி கொழுந்தை அவள் கூடையில் போட்டுவிட்டுப் போவார்கள். சொல்லிப் போடுவதும் இல்லை, நன்றி கேட்பதும் இல்லை. நிறுக்கிற கணக்கப்பிள்ளைக்கும் தெரியும். அவர் தராசை மட்டும் பார்ப்பார். எங்களில் பாதிப்பேர் அந்தப் பிடிக் கொழுந்தில் வளர்ந்த பிள்ளைகள்தான், நானும் சேர்த்து.

அதே விளையாட்டை ஆடும் ரமேஷும் கூட்டாளிகளும் ஐயாவின் எச்சரிக்கையை எட்டிப் பார்த்தார்கள். ஒருவரோடு ஒருவர் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அந்த வாரத்திலிருந்து, ஐயா டீ குடிக்க எழும் நேரத்தில், ஆறு பேரும் தாங்கள் சேர்த்த பொன்னில் ஆளுக்கொரு பிடியை அவர் கணக்கில் போட்டுவிட்டார்கள்.

"இந்தக் கிழமை பரவாயில்லைத் தம்பி. கை பழகீட்டுது போல" என்றார் ஐயா என்னிடம்.

"ஆமாங்க ஐயா, நல்லா முன்னேறிட்டீங்க" என்று நானும் கூசாமல் சொன்னேன்.

இதைத்தான் தூரத்து நாட்டில் இருந்த சேர்வர் கண்டுபிடித்தது. ஒரே விலாசத்திலிருந்து ஆறு பேர் வாரா வாரம் ஒரு சோம்பேறிக் கணக்குக்குப் பொன் அனுப்புகிறார்கள். வாங்குகிறவரோ ஒரு பூதத்தையும் ஒழுங்காகக் கொன்றதில்லை. விளையாட்டுப் பொன்னை நிஜக் காசுக்கு விற்கிற கள்ளக்கூட்டம் இதுதான் என்று முடிவெடுத்து ஏழு பேரையும் தூக்கிவிட்டது. நியாயமாகச் சொன்னால், அதன் இடத்தில் இருந்தால் நானும் சந்தேகப்பட்டிருப்பேன். ஆனால் நான் ஒரு வார்த்தை கேட்டிருப்பேன்.

எட்டாவது மெசினில் இருந்தவன் கிரி, டவுன்காரன். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவனையும் பார்க்கிற கள்ள சொஃப்ட்வெயார் போட்டுத்தான் விளையாடுவான். ஆனால் யாருக்கும் ஒரு சதப் பொன் கொடுத்ததில்லை. ஆகவே அவன் கணக்கில் ஒரு கறையும் இல்லை. அந்த மாதம் 'நேர்மையான ஆட்டக்காரர்' என்று அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை நட்சத்திரம்கூட வந்திருந்தது. அதைக் கடையில் எல்லோருக்கும் காட்டினான், வெட்கம் கெட்டவன்.

4. மேன்முறையீடு

விஷயத்தை ஐயாவிடம் சொல்லித்தான் ஆகவேண்டி வந்தது. ரமேஷ் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. நாங்கதான் போட்டோம். ஒங்கள வெளிய தள்ளிருவாங்களேன்னு."

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப நான் உழைச்சது இல்லையோ அது" என்றார். பிறகு, "நீங்கள் செய்ததிலை பிழை இல்லை ராசா. ஆனா மகன் நினைப்பானே, அப்பா களவெடுத்தவர் எண்டு. முப்பது வரியம் ஒருத்தற்றை தேத்தண்ணியும் வாங்கிக் குடிக்காமல் வேலை செய்தனான்" என்றார்.

மேன்முறையீட்டுக்கு ஒரு பொத்தான் இருந்தது. ஐயா இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். 'மிகுந்த பணிவுடன் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது யாதெனில்' என்ற ரகத்தில், தன் சேவைக்காலம், தோட்டத்துப் பழக்கம், காய்ச்சல்காரியின் கூடை எல்லாவற்றையும் விளக்கி எழுதவைத்தார். அனுப்பினோம். அவர் கைக்குட்டையை மடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. 'எமது குழு உங்கள் முறையீட்டை மிகக் கவனமாக ஆராய்ந்தது. முடிவில் மாற்றமில்லை.'

ஐயா அசந்து போனார். "கெட்டிக்காரர் தம்பி. எங்கடை கந்தோரிலை ஒரு கடிதம் ஒரு மேசையிலை இருந்து அடுத்த மேசைக்குப் போக ஒரு மாதம்."

இரண்டாவது முறையீடு இன்னும் நீளம். பதில் அதே வேகம், அதே வார்த்தைகள்.

ரமேஷுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "அண்ணே, இத ஒருத்தனும் படிக்கல. வேணும்னா பருப்புக் கறி வைக்கிறது எப்புடின்னு எழுதி அனுப்புங்க, பாப்போம்."

எழுதினேன். பருப்பைக் கழுவி, தேங்காய்ப்பால் விட்டு, கடைசியில் தாளித்துக் கொட்டுவது வரை. எமது குழு அதையும் மிகக் கவனமாக ஆராய்ந்தது. முடிவில் மாற்றமில்லை. தாளிப்பைப் பற்றியாவது ஒரு கருத்துச் சொல்லியிருக்கலாம்.

ஐயா எழுந்தார். "காணும் தம்பி. ஆள் இல்லாத கந்தோருக்கு மனுப் போட்டு என்ன செய்யிறது" என்று படியிறங்கப் போனார். அவரை அப்படியே போகவிட எனக்கு மனமில்லை. சேந்தனுக்கு எப்படியாவது சேதி சொல்ல வேண்டும். விளையாட்டுக்குள் போனால்தான் சொல்லலாம். உள்ளே போகக்கூடிய கணக்கு கடையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

எல்லோரும் கிரியைத் திரும்பிப் பார்த்தோம்.

"என்னண்ணே, என்னைய ஏன் பாக்குறீங்க?"

"நீதானேடா இங்க நேர்மையான ஆட்டக்காரன். போய்ச் சாட்சி சொல்லு" என்றேன்.

நல்லவன், மறுக்கவில்லை. பச்சை நட்சத்திரத்தோடு சேந்தனின் கோட்டை வாசலில் போய் நின்று, 'உங்க அப்பா கள்ளன் இல்ல, இது அவரு இருக்கிற கடை நம்பர், கூப்பிடுங்க' என்று எழுதினான். கள்ளன் கொடுத்த நற்சான்றிதழ் அது.

5. போன்

கடைப் போனின் ரிசீவர் பழுது. ஸ்பீக்கரைப் போட்டுத்தான் பேச வேண்டும். ஆகவே கால் மணித்தியாலத்தில் மணி அடித்தபோது, கடை முழுவதும் கேட்டுக்கொண்டுதான் நின்றது.

"அப்பா."

"ஓம்."

"என்னப்பா நடந்தது? களவு எண்டு போட்டுக் கிடக்கு."

ஐயா ரமேஷைத் திரும்பிப் பார்த்தார். ரமேஷ் முன்னால் வந்து, கொழுந்துக் கூடையில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னான். லைன் கட்டாகிவிட்டதோ என்று நான் வயரை ஆட்டிப் பார்த்தேன்.

"அப்பா, அந்தப் பொன் கணக்குச் சட்டத்தை வைச்சது நான்தான்."

"தெரியும். கீழை உன்ரை பேர்தானே கிடந்தது."

"அப்ப, ஏலாமல் கிடக்கெண்டு எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னனான் தம்பி. தலைவருக்கு எண்டு மூண்டு தரம் எழுதினனான். 'தங்கள் செய்தி கிடைத்தது, நன்றி' எண்டு மூண்டு தரமும் உடனை பதில் வந்தது."

இது எங்கள் யாருக்கும் தெரியாது. பக்கத்தில் நின்று பூதம் வெட்டுகிற மகனிடம் நேரில் கேட்காமல், முறைப்படி விண்ணப்பம் எழுதியிருக்கிறார் மனுஷன். கந்தோர்ப் புத்தி. அந்தப் பக்கம் மகன் அழுகிற சத்தம் கேட்டது. நான் பேக்கரியில் டீ சொல்லுவதாகச் சொல்லி எல்லோரையும் கீழே கூட்டிக்கொண்டு போனேன்.

அந்த ஏழு கணக்குகளும் திரும்பி வரவேயில்லை. கிரியின் நட்சத்திரம் மட்டும் இரண்டானது. கடையை மூடும்வரை நான் பின்பற்றிய ஒரே சட்டம் அன்றைக்குப் படித்தது: ஒருவனை வெளியே போ என்று சொல்வதற்கு முன் ஏன் செய்தாய் என்று கேட்பது. கிரியிடமும் ஏன்டா கள்ள ஆட்டம் ஆடுகிறாய் என்று கேட்டேன். "தோக்கப் புடிக்கலண்ணே" என்றான். சரி, கேட்டதற்கு ஒரு பதிலாவது கிடைத்தது.

அன்றைக்கு நாங்கள் டீ குடித்துவிட்டு மேலே வந்தபோது ஐயா இன்னும் போனுக்கு முன்னால்தான் இருந்தார். மகன் ஒரு நம்பரைச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

"இது வீட்டு நம்பர் அப்பா. எந்த நேரமெண்டாலும் அடியுங்கோ."

"நீ வேலைக்குப் போற நேரமெண்டால் மெசினோ கதைக்கும்?"

"இல்லையப்பா. நான் இல்லாட்டி அவ எடுப்பா. உங்கடை மருமகள்."

ஐயா எழுதிய நம்பருக்குப் பக்கத்தில் பேனாவை ஊன்றினார். பிறகு, "அவவின்ரை பேர் என்ன?" என்று கேட்டார்.